விரையாத பயணமே தீவுக்கு நாம் தரும் மரியாதை

சுற்றுலா சென்று திரும்பியவரிடம் நம் நாட்டில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "எத்தனை இடங்கள் பார்த்தீர்கள்?" என்பதே. நான்கு இரவு, ஐந்து பகல் என அளந்து விற்கப்படும் பயணத் திட்டங்களும் அக்கேள்விக்கு விடையாகவே வகுக்கப்படுகின்றன. இடங்களின் எண்ணிக்கை கூடக்கூடப் பயணத்தின் மதிப்பும் கூடும் என்ற எண்ணம் நம்முள் ஆழமாக வேரூன்றிவிட்டது. மலைக்கும் கோயில் நகருக்கும் இந்த அளவுகோல் பொருந்துமா என்பதைப் பிறர் ஆராயட்டும். தீவுகளுக்கு இது பொருந்தாது என்பதே எங்கள் கருத்து.

பணி ஓய்வு பெற்ற இணையரான நாங்கள், சென்ற பனிக்காலத்தில் 15 நாள்களை அந்தமான் தீவுகளின் கடற்கரைச் சாலைகளில் செலவிட்டோம். அப்பயணத்தின் கதையை முழுவதும் சொல்வது இங்கு நோக்கமன்று. அது எங்களுள் உறுதிப்படுத்திய ஒரு கருத்தை வாசகர்முன் வைக்க விரும்புகிறோம். தீவில் மெதுவாகச் செல்வதை ஓய்வுபெற்றோருக்கு வாய்த்த சொகுசு என்று பலர் எண்ணுகின்றனர். நாங்களோ அதனை ஒரு பொறுப்பு என்கிறோம். அங்குள்ள ஒரு சாலையைப் பொறுத்தவரை, விரைவு என்பது வெறும் ரசனைக் குறைவாக நின்றுவிடுவதில்லை; பிறருக்குத் தீங்காகவும் முடிகிறது.

குறுகிய தொலைவு, நீண்ட பகல்

போர்ட் பிளேர் என நாம் அறிந்த நகரம், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அங்கிருந்து தெற்கே 25 கிலோமீட்டர் தொலைவில் சிடியா டாபு இருக்கிறது. இத்தொலைவை ஒரு மணி நேரத்தில் கடந்து, சூரியன் மறைவதைப் படம்பிடித்து, இருட்டுமுன் திரும்பிவிடுவதே வழக்கமான ஏற்பாடு. நாங்கள் அதற்கு ஒரு முழுப் பகலை ஒதுக்கினோம். கார்பின்ஸ் கோவ் கடற்கரையைக் காலையில் பார்த்தபின், தென்னையும் பாக்கும் நிறைந்த சிற்றூர்களைக் கடந்து, அலையாத்திக் காடுகள் சாலையோரம்வரை வந்து நிற்கும் கழிமுகங்களில் வண்டியை நிறுத்தி நிறுத்திச் சென்றோம். நீர் வற்றும்போது அலையாத்தி வேர்கள் வெளித்தெரிவதையும், ஓதம் ஏறும்போது அவை மீண்டும் மறைவதையும் காண ஆறு மணி நேரம் வேண்டும். அந்த ஆறு மணி நேரத்தைத் தரக்கூடிய பயணத் திட்டம் எதுவும் விற்பனையில் இல்லை.

மேற்கே வண்டூர் செல்லும் சாலை வேறொரு பாடத்தைச் சொல்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த பெருநிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் பகுதியில் நெல் விளைந்த வயல்களுக்குள் கடல்நீர் புகுந்தது. புகுந்த நீர் திரும்பவில்லை. இன்று அவ்விடம் நீர்ப்பறவைகள் கூடும் அழகிய நீர்ப்பரப்பாகத் தோன்றுகிறது. அறியாதவர் அதனை இயற்கையான ஏரி என்றே எண்ணிக் கடந்துவிடுவர். சற்று நின்று, சாலையோரத் தேநீர்க் கடையில் பேச்சுக் கொடுத்தால்தான் அந்நீருக்கடியில் வரப்புகள் இருப்பது தெரியவரும். அழகு என்று நாம் பார்ப்பது மற்றொருவரின் இழப்பாகவும் இருக்கக்கூடும் என்பதை உணர நிற்க வேண்டியிருக்கிறது.

வண்டூரில் தொடங்குவது, 1983இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா. ஜாலி பாய், ரெட் ஸ்கின் ஆகிய இரு தீவுகளும் பருவத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றித் திறக்கப்படுகின்றன. ஒன்று பார்வையாளரை ஏற்கும்போது மற்றொன்று ஓய்வு கொள்கிறது. அத்தீவுகளுக்கு நெகிழிப் பொருள்களைக் கொண்டுசெல்லத் தடையும் உண்டு. பவளப் பாறைக்கும் ஓய்வு வேண்டும் என்று வனத்துறை உணர்ந்து வகுத்த இம்முறையை நாங்கள் மனமாரப் பாராட்டுகிறோம். கரையில் கிடக்கும் பவளத் துண்டுதானே என்று எடுத்துவருவோரும் உளர். 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பு பவளங்களுக்கும் உண்டு என்பதை அவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

கடிகாரம் வேறு, சூரியன் வேறு

அந்தமானில் விரைபவர் தோற்கும் முதல் இடம் கடிகாரம். நமது நாட்டு நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. இத்தீவுகளோ ஏறத்தாழ பத்துப் பாகை கிழக்கே இருக்கின்றன. ஆகவே டிசம்பர் மாதத்தில் மாலை ஐந்து மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடுகிறது. காலை எட்டு மணிக்குச் சிற்றுண்டி, பத்து மணிக்குப் புறப்பாடு என்ற பெருநிலத்து வழக்கத்தை இங்கும் பின்பற்றினால், பகலின் சிறந்த பகுதி கைநழுவிப் போகும். ஐந்தரை மணிக்கு விழித்து, நண்பகலில் ஓய்ந்து, மாலையில் சிறிது தூரம் சென்று, இருட்டியபின் விடுதியில் அமர்ந்து பேசுவதே அங்குள்ள பகலுக்கு ஏற்ற ஒழுங்கு. அவ்வொழுங்கிற்கு உட்பட்டபோது ஒரு நாளில் நாங்கள் சென்ற தூரம் குறைந்தது; கண்டது கூடியது.

ஹேவ்லாக் என முன்பு அழைக்கப்பட்ட சுவராஜ் தீவுக்கு 2018 டிசம்பரில் இப்பெயர் சூட்டப்பட்டது. 1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி போர்ட் பிளேரில் தேசியக் கொடி ஏற்றியதன் 75ஆம் ஆண்டு நினைவாக மூன்று தீவுகளுக்குப் புதுப்பெயர் இடப்பட்டபோது நிகழ்ந்தது அது. அங்குள்ள சாலைகளின் மொத்த நீளமே மிகக் குறைவு. படகுத் துறையிலிருந்து ராதாநகர் கடற்கரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். வாடகை ஸ்கூட்டரில் இருவர் செல்ல அதைவிட ஏற்ற சாலை வேறில்லை. கோவிந்தநகர், விஜயநகர், ஷியாம்நகர், கிருஷ்ணநகர், ராதாநகர் என வரும் ஊர்ப்பெயர்கள் கிழக்கு வங்கத்திலிருந்து இடம்பெயர்ந்து 1950களில் இங்குக் குடியேறிய குடும்பங்களின் பக்தியைச் சொல்கின்றன. எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் புதிய காட்டில் முதலில் நட்டவை இப்பெயர்களே என்று எண்ணிக்கொண்டே அச்சாலையில் சென்றால், ராதாநகர் வெறும் குளிக்கும் கடற்கரையாகத் தோன்றாது.

நாம் செல்ல வேண்டாத சாலை

இனி எங்கள் கருத்தின் மையத்துக்கு வருகிறோம்.

தெற்கு அந்தமானையும் வடக்கே டிக்லிப்பூரையும் இணைக்கும் அந்தமான் நெடுஞ்சாலை 300 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுடையது. அதில் ஜிர்காடாங் முதல் மிடில் ஸ்ட்ரெய்ட் வரையிலான ஏறத்தாழ 50 கிலோமீட்டர், ஜராவா பழங்குடியினரின் காப்பகக் காட்டை ஊடறுத்துச் செல்கிறது. குறித்த நேரங்களில் மட்டும், காவல் துணையுடன், அணிவரிசையாகவே வாகனங்கள் அனுப்பப்படுகின்றன. வழியில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதுவும் கொடுக்கக் கூடாது என்பன விதிகள். பாரடாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளையும் சேற்று எரிமலையையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்ப விரும்புவோர், பின்னிரவிலேயே எழுந்து முதல் அணிவரிசையைப் பிடிக்கச் செல்கின்றனர்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஜராவாக்களின் எண்ணிக்கை 380. நம் நகரங்களில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்வோர் இதைவிட மிகுதி. 1990களின் இறுதியில்தான் அவர்கள் வில்லம்பின்றித் தாமாகக் குடியேற்றப் பகுதிகளுக்கு வரத் தொடங்கினர். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. நமக்குச் சிறு நோயாகிவிட்ட ஒன்று, அதனை முன்பின் அறியாத உடலுக்குப் பேராபத்து. இது வெறும் அச்சமன்று. அத்தீவுகளின் வரலாறே சான்று. 19ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கில் வாழ்ந்த பெரிய அந்தமானியர், வெளியாரோடு வந்த நோய்களாலும் மோதல்களாலும் அழிந்து, 2011 கணக்கெடுப்பில் 44 பேராக எஞ்சினர்.

2002இல் இச்சாலையின் காப்பகப் பகுதியை மூடுமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும் சாலை இன்றுவரை இயங்கிவருகிறது. 2012இல், பயணிகள்முன் ஜராவாப் பெண்கள் ஆடவைக்கப்பட்ட காட்சி வெளியாகி நாடு முழுவதும் தலைகுனிந்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் சுற்றுலாப் பயணிகளுக்குச் சில வாரங்கள் தடைவிதித்தது. பின்னர் அத்தடை விலக்கப்பட்டது. சட்டப்படி இன்று நாம் அவ்வழியே செல்லலாம். செல்லலாம் என்பதால் செல்ல வேண்டுமா என்பதே நாங்கள் எழுப்பும் வினா.

இதற்கு எழும் மறுப்புகளை நாங்கள் அறியாமல் இல்லை. மத்திய, வடக்கு அந்தமானில் வாழும் மக்களுக்கு அச்சாலை உயிர்நாடி. தலைநகரின் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு வரவேண்டிய நோயாளிக்கும், தேர்வெழுத வரும் மாணவருக்கும், காய்கறி ஏற்றிவரும் உழவருக்கும் அதைக் குறைகூறும் உரிமை பயணிகளாகிய நமக்கு இல்லை. அவர்களுக்கு வேறு வழி எளிதில் அமைவதில்லை. நமக்கோ அமைகிறது. தேவைக்காகச் செல்பவரையும் வேடிக்கைக்காகச் செல்பவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. "நாங்கள் விதிகளை மீறவில்லையே, கண்ணாடியை ஏற்றிக்கொண்டுதானே சென்றோம்" என்போர் உளர். அவ்வணிவரிசையில் அமர்ந்திருக்கும் பயணிகளில் எத்தனை பேர் சன்னலோரம் மரங்களை மட்டும் தேடுகின்றனர் என்று அவர்கள் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும். ஒரு மனிதர் தம் வீட்டு முற்றத்தில் நடப்பதைப் பார்க்க வரிசையில் நின்று செல்வது, எவ்வளவு கண்ணியமாகச் செய்தாலும், கண்ணியமான செயலாகிவிடாது.

பாரடாங்கின் படகோட்டிகளும் வழிகாட்டிகளும் பயணிகளை நம்பியே வாழ்கின்றனர் என்பதும் உண்மை. அவர்கள் வருவாய் குறையக் கூடாது. அதற்குரிய வழி, கடல் வழியே பாரடாங் சென்றுவரும் ஏற்பாட்டை நிர்வாகம் நாள்தோறும் நம்பத்தக்க சேவையாக வலுப்படுத்துவதே. கடற்பயணம் முறையாகக் கிடைக்குமானால் பயணிகளில் பெரும்பாலோர் அதனையே விரும்பித் தேர்வர் என்று நம்புகிறோம்.

கடல் வழியே வடக்கு

வடக்கு அந்தமானைக் காண அந்த 50 கிலோமீட்டரைக் கடந்தே தீரவேண்டும் என்பதில்லை. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்தும், சில நாள்களில் சுவராஜ் தீவு வழியாகவும், ரங்கத் துறைக்கு அரசுக் கப்பல்கள் செல்கின்றன. நாங்கள் அவ்வழியே சென்றோம். கப்பல் அட்டவணை நாள்தோறும் ஒன்றாக இருப்பதில்லை. கடல் கொந்தளித்தால் ஒரு நாள் தள்ளியும் போகலாம். ஐந்து நாள் பயணத்தில் இந்த ஒரு நாளுக்கு இடமில்லை. 15 நாள் பயணத்தில் நாங்கள் இரண்டு நாள்களை இதற்கென்றே வெறுமையாக விட்டிருந்தோம். ஜராவாக்களின் காட்டைத் தவிர்ப்பதற்கு எங்களுக்கு வேண்டியிருந்தது தனிப்பட்ட தியாகம் எதுவுமில்லை. இரண்டு நாள் பொறுமைதான். மெதுவான பயணத்தைப் பொறுப்பு என்று நாங்கள் சொன்னதன் பொருள் இதுவே.

ரங்கத்தில் வேறொரு வாடகை வண்டி அமர்த்திக்கொண்டு வடக்கு நோக்கிச் சென்ற சாலைதான் எங்கள் பயணத்தின் மிக அழகிய பகுதி. ஆம்குஞ்ச், பஞ்சவடி எனக் கிழக்குக் கரையையொட்டிச் செல்கிறது அது. தானி நாலாவில் அலையாத்திக் காட்டின் நடுவே 700 மீட்டருக்கும் மேற்பட்ட மரப்பாலம் கடற்கரைவரை அழைத்துச் செல்கிறது. பனிக்கால இரவுகளில் ஆமைகள் முட்டையிடும் கரை அது. மாயாபந்தருக்கு அருகே வெபி என்னும் ஊரில், 1925இல் பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்களின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். டிக்லிப்பூரில், அந்தமானின் மிக உயர்ந்த சிகரமான 732 மீட்டர் சேடில் பீக்கின் நிழலில் காளிப்பூர் கடற்கரை. ஏரியல் பே துறையிலிருந்து படகில் சென்றால், ராஸ், ஸ்மித் ஆகிய இரு தீவுகளையும் இணைக்கும் வெண்மணல் திட்டு ஓதம் வற்றும்போது வெளிப்படுகிறது. தெற்கே நிலத்தைத் தாழ்த்திய அதே நிலநடுக்கம், வட அந்தமானின் மேற்குக் கரையில் பவளப் பாறைகளைக் கடலுக்கு மேலே உயர்த்தியது. சிப்பிகாட்டில் ஒரு பாதியைக் கேட்டவர்களுக்கே இந்த மறுபாதி முழுமையாக விளங்கும்.

சேமித்த பணமும் சேமித்த நாள்களும்

இத்தனை நாள்களுக்குச் செலவு மிகுமே என்று வாசகர் வினவுவது இயல்பு. நாள்கள் கூடினால் தங்கும் செலவு கூடும்; ஐயமில்லை. ஆனால் வானூர்திக் கட்டணம் ஐந்து நாளுக்கும் 15 நாளுக்கும் ஒன்றே. நாளொன்றுக்கு ஓர் ஊர் என்று விரையாதபோது வாகன வாடகை குறைகிறது. பெரிய விடுதிகளைத் தவிர்த்து, அரசு விருந்தினர் இல்லங்களிலும் குடும்பத்தார் நடத்தும் சிறு விடுதிகளிலும் தங்கினால், நாம் செலவிடும் பணம் அவ்வூரிலேயே நிற்கிறது. நேரமுள்ளவர்களுக்குச் சென்னையிலிருந்து கப்பலும் உண்டு. ஏறத்தாழ மூன்று நாள் பயணம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தொடர் வைப்புக் கணக்கொன்றை இதற்கெனத் தொடங்கினோம். மாதம் ரூ. 5,000 வீதம் 24 மாதங்களில் அசல் மட்டுமே ரூ. 1,20,000 ஆகும். அதற்குள் அடங்கும் பயணத்தையே வகுத்துக்கொண்டோம். மகிழ்வுலாவுக்குக் கடன் வாங்குவதை நாங்கள் ஏற்பதில்லை. கடன் வாங்கிச் செல்பவர் ஒவ்வொரு நாளிலும் போட்ட பணத்தை எடுக்க முனைவார். அந்த முனைப்பே அவரை விரையச் செய்யும். சேமித்துச் செல்பவருக்கு, ஒன்றும் செய்யாமல் கடலைப் பார்த்திருந்த ஒரு பிற்பகல் நட்டமாகத் தோன்றுவதில்லை.

சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டபின் தொலைத்தொடர்பு பெரிதும் மேம்பட்டுள்ளது. சிறு கடைகளிலும் கைப்பேசிவழிப் பணம் செலுத்த முடிகிறது. எனினும் தலைநகரைவிட்டு விலகிச் செல்லுந்தோறும் கையில் ரொக்கம் வைத்திருப்பது நல்லது. மூத்தோர் தமக்குரிய மருந்துகளை முழு அளவில் உடன் எடுத்துச்செல்ல வேண்டும். உப்புநீர் முதலைகள் பற்றிய எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் ஒருபோதும் நீரில் இறங்கக் கூடாது.

இருவர் செல்லும் சாலை

இணையராகச் செல்வோருக்கு இன்னொன்றும் சொல்வோம். எங்களுள் ஒருவருக்குப் போய்ச்சேரும் நேரம் முக்கியம். மற்றவருக்கு வழியில் நிற்க வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியும் பிள்ளைகளின் படிப்பும் இவ்வேறுபாட்டைப் பேசித் தீர்க்க எங்களுக்கு நேரம் தந்ததில்லை. யாருக்கு அவசரமோ அவர் வழியே வீடு நடந்தது. தீவில் நாள்கள் மிகுதியாக இருந்தன. ஒருவர் நிறுத்தச் சொன்ன இடத்தில் மற்றவர் மறுக்கக் காரணமே இல்லாமற்போயிற்று. வாழ்நாளின் பிற்பகுதியில் இதனைக் கற்றுக்கொள்ள ஒரு பயணம் உதவுமானால், அதற்காகவே சில நாள்களை நீட்டிக்கலாம்.

விடுப்புப் பயணச் சலுகையிலோ சொந்தச் சேமிப்பிலோ அந்தமான் செல்ல எண்ணியிருக்கும் வாசகர்களிடம் நாங்கள் வேண்டுவன இரண்டே. முதலாவது, பட்டியலில் பாதி இடங்களை நீக்கிவிட்டு நாள்களை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, பயண முகவர் நீட்டும் திட்டத்தில் அணிவரிசைப் பயணம் இருந்தால், "அச்சாலை வேண்டாம், கப்பல் உண்டா?" என்று கேளுங்கள். இன்று இவ்வாறு கேட்பவர் சிலராக இருக்கலாம். கேட்பவர் பலரானால், கப்பல்கள் கூடும். அதிகாலை அணிவரிசை குறையும். 380 பேரின் காடு சற்றே அமைதி பெறும்.